ஒரு வீட்டுக்கு ஒரு ரீசார்ஜ்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் போய்வந்து, ஆறு வருடம் ஒரு டைல்ஸ் கடையில் பில் போட்டேன். போன பிப்ரவரியில் முதலாளி கடையை மூடினார். ஒரு மாதச் சம்பளத்தை அதிகமாகக் கொடுத்ததோடு கையில் ஒரு பெட்டி இனிப்பையும் திணித்தார். இனிப்பு எதற்கு என்று இன்றுவரை புரியவில்லை. ஆனால் நன்றாக இருந்தது.

என் கணவர் எலக்ட்ரீஷியன். வேலை இருக்கிற நாளில்தான் காசு. மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். என் இரண்டு வளையல்களை அடகுக் கடைக்கு அனுப்பாமல் அதைக் கட்டிவிடுவது என்று வைராக்கியம் பிடித்தேன். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும். கிடைக்கும்வரை கையில் இருப்பது கரையக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பார்சல் நின்றது. கணவரின் கிரிக்கெட் சானலை வெட்டினேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை, அதிலும் எனக்கொரு நிம்மதி. பிறகு என் கண் எங்கள் மூன்று போன்களின் மீது விழுந்தது. மூன்று பேருக்கு மூன்று ரீசார்ஜா? அவருக்கு வேலையே போனில்தான் வருகிறது, அதனால் அவருடையது மட்டும் இருக்கட்டும், நானும் மகளும் அவருடைய ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொள்கிறோம் என்று உத்தரவு போட்டேன்.

"உனக்கு எதனா போன் வந்தா?" என்று கேட்டார்.

"இன்கமிங் ஃப்ரீதானே. வர்றது வந்துக்கினுதான் இருக்கும்" என்றேன், எல்லாம் தெரிந்தவளைப் போல.

அன்றிலிருந்து அவர் எங்கே உட்கார்ந்தாலும் நாங்கள் இருவரும் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம். "கல்யாணமான புதுசுலகூட நீ இப்பிடி என் பின்னாடி சுத்தலையே" என்று அவருக்கு ஒரே பெருமை.

மே மாதம் விழுப்புரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். வயதான முதலாளி. பில் போடச் சொல்லிப் பார்த்தார், தலையை ஆட்டினார், "போன் பண்றேம்மா" என்றார். நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாளாகியும் போன் வரவில்லை. அவர் மட்டுமா, கெடாரில் இருக்கும் என் அக்காகூடப் பேசவில்லை. கடன் கேட்டுவிடுவேன் என்று எல்லாரும் ஒதுங்கிவிட்டார்கள் என நினைத்து, ஒரு மத்தியானம் வெங்காயம் நறுக்கும் சாக்கில் நன்றாக அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! மறுநாள் ரயிலேறிப் போய், நேரே அவர் மேசை முன்னால் நின்றேன்.

"பத்து நாளா காத்துக்கினு இருக்கேன் சார். இல்லன்னா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா கேட்டம்மா! தெனம் உனக்குப் போன் போட்டு நான்தான் பேஜாராயிட்டேன். நம்பர் சர்வீஸ்ல இல்லன்னு ஒரு பொம்பள சொல்லிக்கினே இருக்கறா. வேற ஆள வரச் சொல்லலாம்னு இப்பதான் நம்பர் தேடிக்கினு இருந்தேன்."

ரீசார்ஜ் முடிந்தால் வருகிற போனும் நின்றுவிடும் என்பது நாற்பத்தோரு வயதில், அந்த மேசை முன்னால்தான் எனக்குத் தெரிந்தது. வெட்கம் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்: மூன்று போன், ஹாட்ஸ்பாட், வளையல், பள்ளிக்கூடம். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு பக்கத்து மொபைல் கடைக்காரரைக் கூப்பிட்டு என் நம்பருக்கு ரீசார்ஜ் போடச் சொன்னார். "நாளைக்கி ஒம்பது மணிக்கெல்லாம் வந்துடும்மா" என்றார்.

வாசலில் செருப்பை மாட்டும்போதே போன் அடித்தது. அக்கா. "ஏண்டி, வேலை போச்சுன்னா கூடப் பொறந்தவளையே பிளாக் பண்ணிடுவியா? வந்த கோவத்துல உன் வூட்டுக்காரருக்கும் நான் போடல. இங்க மல்லாட்டைய மூட்ட கட்டி வெச்சிக்கினு உனக்காகக் காத்துக்கினு இருக்கேன்!" வேர்க்கடலை மூட்டையோடு காத்திருந்தவளிடம் நடுரோட்டில் நின்று சந்தோஷமாகத் திட்டு வாங்கினேன்.

ஜூனில் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டினோம், வளையல் கையிலேயே இருந்தது. மாதக் கடைசியில் முதல் சம்பளக் கவரைப் பிரித்து எண்ணினேன். இருநூறு ரூபாய் குறைந்தது. தயங்கித் தயங்கி முதலாளியிடம் கேட்டேன்.

"ரீசார்ஜ் போட்டேனேம்மா, மறந்துட்டியா?" என்றார்.

சிக்கனத்தில் நான் இன்னும் எல்.கே.ஜி.தான்.