கல்லுக்கு விழுந்த அடி

வலையைப் பாதி இழுத்திருந்தோம். இடது விலாவுக்குக் கீழே யாரோ கத்தியைச் செருகித் திருகுவதுபோல வலி வந்தது. வலையை விட்டுவிட்டுப் படகின் அடியில் விழுந்தேன். என்னோடு தொழிலுக்கு வருபவன் என் மனைவியின் தம்பி, வங்காலைக்காரன். என்னைப் பிடிக்கக் குனிந்தான். நான் துடித்த துடிப்பில் என் கால் அவன் வாயில் இறங்கியது. முன்பல் உடைந்து, இரத்தம் என் இடுப்புச் சாரத்தில் ஒழுகியது.

"அத்தான், அசையாமல் கிடவுங்கோ. கரைக்குப் போறம்," என்றான் வாயைப் பொத்தியபடி.

வலையை அறுத்துவிட்டுப் பள்ளிமுனைக் கரைக்குப் படகை விட்டான். வழியெல்லாம் ஓங்காளித்துச் சத்தி எடுத்தேன். அடிவயிறு முட்டிச் சலம் போனபோது சாயத்தண்ணியின் நிறத்தில் இரத்தமாகப் போனது. அன்று மன்னார் ஆஸ்பத்திரியில் அவனுக்கு உடைந்த பல்லடி முரசில் தையல் போட்டார்கள். எனக்கு ஊசி போட்டு, ஸ்கான் எடுத்துப் பார்த்தார்கள். இடது கிட்னியில் கல். புளியங்கொட்டையை விடப் பெரிது. வெளிமாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எழுதித் தந்தார்கள்.

அங்கே பார்த்த டொக்டர் ஒரு பெண். அவசரப்படாமல் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்குது ஐயா. வெளியில இருந்து அதிர்வலை அடிச்சுக் கல்லை உடைக்கலாம். வெட்டுறேல்லை, அண்டைக்கே வீட்ட போகலாம். ஆனால் உடைஞ்ச துண்டெல்லாம் சலத்தோட வெளியில வரவேணும். ஒரு தரத்தில முடியாமலும் போகும். மற்றது, மயக்கிப்போட்டு முதுகில சின்னத் துளை போட்டு எடுக்கிறது. இரத்தம் போகும், கொஞ்ச நாள் வாட்டில கிடக்கவேணும். உங்கட கல்லின்ர அளவுக்கு அதுதான் நல்லது."

"கத்தி வேண்டாம்," என்றேன்.

"டொக்டர் சொல்லுறதைக் கேளுங்கோவன்," என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை.

மேசையில் படுக்கவைத்து, தண்ணீர் நிரப்பிய மெத்தை போன்ற ஒன்றை இடுப்போடு அழுத்தினார்கள். முதல் அடிகள் விரலால் சுண்டுவதுபோல இருந்தன. பிறகு பலம் கூடியது. டக், டக் என்று ஒரே இடத்தில், உள்ளே எலும்புவரை. யுத்தம் முடிந்த காலத்தில் விசாரணைக்கென்று ஆமி என்னைக் கொண்டுபோன இடத்தில் துவக்குப் பிடியால் இடித்ததும் அதே விலாவில்தான். அப்போதும் இப்படித்தான் படுக்கவைத்திருந்தார்கள். அதே இடைவெளி, அடுத்த அடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் அதே காத்திருப்பு. எனக்கு வேர்த்துக் கொட்டியது. மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவரின் கழுத்தை எட்டிப் பிடித்துவிட்டேன்.

அவர் சிங்களவர். என் கையைத் தட்டிவிடாமல் மெஷினை நிறுத்தினார். கழுத்தில் என் நகம் கீறிய இடம் சிவந்திருந்தது.

"ஐயா, நான் அடிக்க இல்ல. மெஷின்," என்றார் தெரிந்த தமிழில். "நிப்பாட்டவா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. "அடியுங்கோ," என்றேன். வலிக்கு இன்னொரு ஊசி போட்டுவிட்டுத் தொடங்கினார்கள். முடியும்வரை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் துண்டுகள் இறங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் அறுத்துக்கொண்டுதான் வந்தது. சுவரில் தலையை இடித்தேன். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த மனைவியின் கையைத் தட்டிவிட, கோப்பை கதிரையில் பட்டு உடைந்தது. அவள் குனிந்து உடைந்த ஓடுகளைப் பொறுக்கினாள். பிறகு துண்டுகள் வருவது நின்றது. சுகம் என்று நினைத்தேன். அடுத்த நாள் பல் கிட்டும் குளிரோடு காய்ச்சல் காய்ந்தது. துண்டுகள் சலக்குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டதில் கிட்னியில் சீழ் பிடித்திருந்தது.

அதே பெரிய ஆஸ்பத்திரியில் இடம் மரக்க விறைப்பூசி போட்டு, முதுகால் குழாயைச் செருகிச் சீழை வடித்தார்கள். காய்ச்சல் அடங்கியபின் மயக்கம் தந்து, அந்தத் துளையைப் பெருப்பித்து உள்ளே போய், கிடந்ததையெல்லாம் எடுத்தார்கள். கத்தி என்று பயந்த நேரம் முழுக்க நான் நித்திரையில் இருந்தேன். வலி விழித்தபிறகு வந்தது. முதுகில் கோடாலி தைத்து நிற்பதுபோல. பக்கத்தில் தொங்கிய பை இரத்தமாக நிரம்பியது. குழாயைத் திருத்த வந்த தாதி மிஸ்ஸியைத் தூஷணத்தால் ஏசினேன். அவர் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போனார்.

பக்கத்துக் கட்டிலில் கொண்டச்சி ஊரைச் சேர்ந்த, வயல் செய்யும் முஸ்லிம் கமக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். என்னிலும் மூத்தவர், அவருக்கும் கல்தான்.

"தம்பி, நீங்க ரெண்டும் பட்டிருக்கிறீங்க. எது பரவாயில்ல?"

"உங்கட கல்லு எவ்வளவு?"

"கடலையளவு எண்டு சொன்னாங்க."

"எனக்கு ஒப்பரேசனை முதலே செய்திருந்தால் சீழ் பிடிச்சிராது. என்ர கல்லு பெருசு. உங்களுக்கு அடிக்கச் சொல்லுறாங்களெண்டால் அடிக்க விடுங்கோ. நோகும். எதையாவது இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

அவரை மெஷினுக்குக் கூட்டிப்போனார்கள். மத்தியானம் திரும்பி நடந்தே வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"கழுதை உதைச்ச மாதிரி இருந்திச்சு. முடிஞ்சுது, அல்ஹம்துலில்லாஹ்," என்று கட்டிலில் இருந்து சோறு தின்றார். பின்னேரம் மகன் வந்து கூட்டிப்போகும்போது சேர்ட்டின் பொத்தான்களைத் தானே பூட்டிக்கொண்டார்.

புரண்டு படுக்கக்கூட முடியாமல் குழாயோடு கிடந்த எனக்கு அவரைப் பார்க்க எரிச்சலாக வந்தது. அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, திறக்காத தண்ணீர்ப் போத்தல் ஒன்றை என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

"நல்லாக் குடிங்க தம்பி. நாங்க வெயில்ல நிண்டு தண்ணி குடிக்காம விட்டதாலதான் இந்தக் கல்லு."

அவர் போனபின் அதை எடுத்து முழுவதும் குடித்தேன்.