வாங்கன்னு கேட்காத மாப்பிள்ளை

அவிநாசி ரோட்டுப் பக்கம் வீட்டு முன்னாலேயே பழைய கார் பட்டறை வைத்திருக்கும் வேலுமணிக்குக் கைதான் முதலில் பேசும், வாய் அப்புறம்தான். காந்திபுரத்தில் டவுன் பஸ் கண்டக்டரைச் சட்டையோடு தூக்கிய ஆள். அப்பேர்ப்பட்டவன் பயந்தது ஒரே ஒருத்தருக்குத்தான். பெண்டாட்டி மதிவதனியின் அண்ணன் அங்கப்பன். மச்சானுக்கு ஒரு மரியாதை குறையக் கூடாது.

அந்தப் பாழாய்ப்போன மரியாதைதான் போன வருசம் குடியைக் கெடுத்தது. ஒரு பழைய ஃபியட் இன்ஜினை முழுசாகப் பிரித்துக் கட்டி, புது கேம்ஷாஃப்ட் போட்டிருந்தான். வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டு அது. முதல் ஸ்டார்ட்டில் இருபது நிமிசம் ஆக்சிலரேட்டரை விடாமல் மிதித்திருக்க வேண்டும். காலை எடுத்தால் எண்ணெய் சரியாகத் தெறிக்காது, தண்டு தேய்ந்து நாசமாகிவிடும். அந்த நேரம் பார்த்து அங்கப்பன் வந்தார். உட்கார்ந்தபடியேவா இருப்பது? எழுந்து "வாங்க மச்சான்" என்றான். போச்சு!

இன்னொரு கேம்ஷாஃப்ட் கிடைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இதுவும் போனால் பட்டறையை மூடிவிட்டு மில் வேலைக்குத்தான் போக வேண்டும்.

இன்றைக்கு அதைப் போட்டு முதல் ஸ்டார்ட், அதே ஃபியட் அலறிக்கொண்டிருந்தது. மதிவதனி செல்போனில் நேரம் பார்த்தபடி நின்றாள். தன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு அங்கப்பன் வந்து நின்றார். வேலுமணி எழவில்லை.

"இன்ஜின் ஓடுதுங்க மச்சான், காலை எடுக்க முடியாதுங்க!" என்று கத்தினான்.

"ஊடு தேடி வந்தவனை வாங்கன்னு கேக்கறதுக்கில்லீங்களா? என்னைவிட இன்ஜின் பெருசுங்களா?"

பளாரென்று அறை விழுந்தது. அடுத்த அறையில் உதடு கிழிந்தது. அடிக்கும்போதும் அங்கப்பன் 'ங்க'வை விடவில்லை, மனுசன். "எந்திரிங்க மாப்ள!" என்று சட்டையைப் பிடித்து இழுத்தார். கதவுக் கம்பியில் மண்டை இடித்து ரத்தம் கண்ணில் இறங்கியது. வேலுமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் கை ஓங்கினால் கால் தளரும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, விடுங்கண்ணா!" என்று மதிவதனி முதுகைப் பிடித்து இழுத்தாள். அவளையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, "இதை நிறுத்திப்போடறேன் பாருங்க" என்று சாவிக்குக் கையை நீட்டினார்.

வேலுமணி அந்தக் கையைக் கடித்தான். பல் இறங்கியது. அங்கப்பன் அலறினார், இன்னொரு கையால் அவன் காதிலேயே குத்தினார். கடியும் தளரவில்லை, காலும் தளரவில்லை.

"இருபது நிமிசம் ஆச்சுங்க!" என்று கத்தினாள் மதிவதனி.

அவன் கடியை விட்டு இன்ஜினை நிறுத்தினான். இறங்கினான். வாய் ரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டு, கும்பிட்டுக் குனிந்தான்.

"வாங்க மச்சான்."

பழக்கதோசம், அங்கப்பனும் கடிபட்ட கையைத் தூக்கிக் கும்பிடப் போனார். விட்டான் பாருங்கள் ஒரு அறை! தாம்பாளம் ஒரு பக்கம், பத்திரிகை ஒரு பக்கம், அங்கப்பன் தரையில்.

"உக்காருங்க மச்சான்" என்றான் வேலுமணி.

மதிவதனி அழவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள்.

"குடிங்கண்ணா. உங்க மரியாதையில ஒண்ணும் குறை வெக்கலீங்க."