கற்பூரம் காட்டிய போர்

உத்திரமேரூர் போகும் வழியில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. எனக்கொன்றும் அவசரமில்லை. சாலையோர வயலில் பனை உயரத்துக்கு ஆழ்துளை போடும் போர் வண்டி ஒன்று நிற்கிறது. பூமிக்கடியில் நிலக்கரியோடு எரிவாயு கிடைக்குமா என்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தேடுகிறதாம். இப்போது துளையிலிருந்து பொங்கி வருவதோ தண்ணீர்.

தொப்பி போட்ட வெள்ளைக்கார இன்ஜினியர் முகம் தொங்கிப்போய் நிற்கிறார். வயலுக்குச் சொந்தக்கார அம்மாள் குழாய்க்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பரபரவென்று கற்பூரத்தைப் பிரிக்கிறார்.

“கேஸ் வரலையேம்மா?” என்கிறேன்.

“வராட்டி இன்னா சார்? அடுப்புக்கு வெறகு கீது. பயிருதான் காஞ்சிக்கினு கீது. இந்தத் தண்ணிய வாயில வச்சிப் பாத்தேன், உப்பே இல்ல.”

“அதுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?”

“கேஸ் இல்லேன்னா சிமெண்ட் ஊத்தி மூடிட்டுப் பூடுவாங்க சார். லாரி வந்துக்கினு கீது. போர் போடுறவங்க அல்லாரும் திருச்செங்கோட்டு ஆளுங்க. கற்பூரம் காட்டுன போரை மூட அவங்க கை வைக்க மாட்டாங்க.”

கற்பூரம் எரிகிறது. போர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சிமெண்ட் லாரி வந்து நின்றும், மூட்டையை இறக்க ஒருவரும் அசையவில்லை. இன்ஜினியர் அவர்களின் வெறுங்காலைப் பார்க்கிறார். அந்த அம்மாள் முதல் சொம்புத் தண்ணீரை அவரிடம் நீட்டுகிறார்.

அவர் லாரியைத் திரும்பிப் போகச் சொல்லிக் கையை ஆட்டிவிட்டு, குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறார்.