கொல்லைப்பக்கமாக வந்தோம்

காலை ஆறே காலுக்குப் பெரம்பலூர் வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும், திறந்திருந்த கதவு வழியே, மாலை போட்டு விளக்கேற்றியிருந்த எங்கள் கல்யாணப் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். நானும் மனைவியும் ஆப்பிரிக்காவில் ஆசிரியர்கள். அங்கே சண்டை மூண்டதால் பல மாதங்களாகத் தபால் போகவில்லை.

கோலப்பொடியோடு வந்த அம்மா எங்களைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினார்.

“பேயா இருந்தா பெட்டியத் தூக்கிட்டு வருமா, அத்தே?” என்றாள் மனைவி.

தம்பி ஓடிவந்து என் கையைப் பிடித்துப் பார்த்தான். “பள்ளிக்கூடத்தையே கொளுத்திட்டாங்க, யாரும் பொழைக்கலன்னு அங்கேருந்து வந்தவரு சொன்னாருண்ணே. நம்பிட்டோம். கருமாதியும் பண்ணிட்டோம்.”

பிறந்த வீட்டுக்குள் என்னை விடுவார்களா என்றுகூடத் தெரியவில்லை.

“காரியம் முடிஞ்சவங்க தலவாசல்ல வரக் கூடாதுடா. கொல்லப்பக்கமா வாங்க” என்ற அம்மா, அழுதுகொண்டே முன்னால் நடந்தார்.

கிணற்றடியில் எங்கள் இருவர் தலையிலும் அவரே தண்ணீர் ஊற்றினார். ஈரத்துணியோடு சமையலறை வழியாக உள்ளே போனோம். கூடத்தில் தம்பி மனைவி தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் அதுவரை பார்க்காத ஆண் பிள்ளை. பெயர் என்ன என்று கேட்டேன். அவள் தன் கணவனைப் பார்த்தாள்.

என் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.