குணவதி அறுத்த தாலி

அம்சவள்ளியின் கழுத்தில் மேடையில் எத்தனை தடவை தாலி அறுந்தது என்று பாகூரில் யாரும் எண்ணி வைக்கவில்லை. எண்ணியிருந்தால் பயந்திருப்பார்கள். சாமிநாதன் நாடகக் கம்பெனியின் ‘குணவதி’யில் ராணி வேஷம் அவளுக்கு. ராஜா யுத்தத்தில் செத்த சேதி வந்ததும் ராணி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, தாலியைக் கையில் பிடித்து ஒரு பாட்டுப் பாடுவாள். கடைசி அடியில் பட்டென்று அறுத்து எறிவாள். அந்த ஓர் அடிக்காக மண்ணாடிப்பட்டிலிருந்துகூட ஜனம் வண்டி கட்டிக்கொண்டு வரும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போகும். 1936-இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் பதினாலு ஜூலை விழா நாடகப் போட்டியில் அவளுக்குத் தங்கப் பதக்கம் வாங்கிக் கொடுத்ததும் அதுதான்.

அறுப்பது வேஷத் தாலி. நிஜத் தாலி ரவிக்கைக்குள் பத்திரமாக இருக்கும். ஆனாலும் கட்டுக்கழுத்தியின் கழுத்தில் எது அறுந்தாலும் அறுந்ததுதான் என்பது கம்பெனிக்காரர்களின் நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் அவர்களே வைத்திருந்தார்கள். திரை விழுந்ததும், அவள் மேடையை விட்டு இறங்குவதற்குள், புருஷன்காரன் வந்து புது மஞ்சள் கயிறு கட்டிவிட வேண்டும். அம்சவள்ளிக்கு அதில் சிரமம் இல்லை. அவள் புருஷன் நடேசன் அதே கம்பெனியில் ஆர்மோனியக்காரன். வாசித்த கையோடு எழுந்து வந்து மூன்று முடிச்சுப் போடுவான்.

“ஊர்ல அவனவன் ஒரு தடவை கல்யாணம் பண்ணிக்கினு அவதிப்படறான். என்னைப் பாரு, வாரத்துக்கு மூணு தடவை” என்பான். கழுத்தோரம் அவன் விரல் படும்போது அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும். ஊரையெல்லாம் அழ வைத்துவிட்டு உள்ளே வந்து வெட்கப்படுகிற ராணி.

பதக்கம் வந்தது வினையாயிற்று. நடேசன் பெயர் போய் ‘அம்சவள்ளி புருஷன்’ ஆனான். டீக்கடையில் அப்படிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவான், உள்ளுக்குள் குமைவான். 1938-இல் பிரான்சுக்காரன் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். சொல்தா என்கிற சிப்பாய் உடுப்பு, சைகோன் கப்பல். ஒரு ஆர்மோனியக்காரனுக்கு என்னத்துக்குத் துப்பாக்கி என்று சாமிநாதன் கேட்டார். போகிற அன்று அவளிடம் மட்டும் ஒன்று சொன்னான்:

“மூணு வருசம். வந்து நானே கட்டுவேன். அதுவரிக்கும் வேற கை உன் கழுத்துல படக் கூடாது.”

அவன் போன பிறகு வில்லியனூரில் முதல் நாடகம். திரை விழுந்ததும் மத்தளக்காரர் பெண்சாதி மஞ்சள் கயிற்றோடு வந்தாள். அம்சவள்ளி அவள் கையைத் தள்ளினாள். கயிற்றை வாங்கித் தானே கழுத்தில் சுற்றி, தானே மூன்று முடிச்சும் போட்டுக்கொண்டாள். புருஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்ட பெருமை அவளுக்கு. சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் தாலியைத் தானே கட்டிக்கொண்ட பெண்ணை அந்தப் பக்கத்தில் அதுவரை எவரும் கண்டதில்லை.

அடுத்த நாடகத்தில் அவள் அவனைப் பார்த்தாள். பாட்டின் கடைசி அடிக்குக் கை தாலிக்குப் போனபோது, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் முடிகிற இடத்தில் சொல்தா தொப்பியோடு, நடேசன் சாயலில் ஒருவன் நின்றான். உடுப்பெல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மழை ஒரு துளி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் நகரவில்லை, திரும்பவும் இல்லை. கயிறு அறுந்தது, அவனைக் காணோம். அதற்கப்புறம் அறுக்கிற ஒவ்வொரு தடவையும் வந்து நின்றான். அவள் கையையே பார்ப்பான்.

1940-இல் ஜெர்மன்காரனிடம் பிரான்சு விழுந்தது. பிரான்சுக்காரர்களுக்குள்ளேயே புதுச்சேரி ஒரு கட்சி, சைகோன் ஒரு கட்சி என்றார்கள், தபால் நின்றது. நடேசன் இருக்கிறானா இல்லையா என்று மேரி என்கிற நகரசபை ஆபீசில் போய்க் கேட்டால் அங்கே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அவனுடைய அக்காள் கலியம்மாள் ஒரு நாள் காலையில் நேரே அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

“இன்னாடி, கயித்த நீயே கட்டிக்கினியாமே?”

“அவருதான் அண்ணி, வேற கை படக் கூடாதுன்னாரு.”

“அதுக்குன்னு? அறுக்கறதும் நீ, கட்டிக்கறதும் நீ. அப்புறம் அவன் எதுக்கு? நீ இங்க அறுக்க அறுக்க என் தம்பி அங்க இன்னா ஆவுறானோ.” கலியம்மாள் சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அம்சவள்ளி அன்றைக்கே குணவதி வேஷத்தை விட்டாள். சாமிநாதன் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார். வேஷம் கம்பெனியின் இன்னொரு நடிகை ருக்குமணிக்குப் போயிற்று. தங்கப் பதக்கம் வாங்கியவள், ருக்குமணிக்குப் பின்னால் விசிறி பிடித்துக்கொண்டு தோழியாக நின்றாள். 1941-இல் சென்னையிலிருந்து டாக்கிக்காரர்கள் ‘குணவதி’யைப் படமாக்க அவளைத்தான் தேடி வந்தார்கள். ‘தாலி அறுக்கற கட்டம் இல்லாம எடுப்பீங்களா?’ என்று கேட்டாள். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

தோழி வேஷத்தில் நின்றவரை நனைந்த மனிதன் வரவில்லை. அதனால் அவள் நம்பினாள்: நான் அறுக்காத வரைக்கும் அவருக்கு ஒன்றும் ஆகாது. நிஜத் தாலிக் கயிறு நைந்தால் பழையதை எடுக்க மாட்டாள். அதன் மேலேயே புதுக் கயிறு சுற்றுவாள். கழுத்தில் வடம் மாதிரிக் கனத்தது. குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பாள், தூக்கத்தில் பிடித்துக்கொண்டே கிடப்பாள். ஒரு மனுஷனின் உயிரைத் தன் கழுத்தில் கட்டிக்கொண்டு அலைவது லேசான காரியமா? அழகு போயிற்று. குரல் மட்டும் மிச்சம் இருந்தது.

1946-இல் நடேசன் வந்தான். கூட ஒரு சைகோன் பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி.

அம்சவள்ளி அவன் கையைத் தொட்டாள். சூடாக இருந்தது. முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், கலப்படமில்லாத சந்தோஷம். நான் கொல்லவில்லை. அதற்கப்புறம்தான் குழந்தையைப் பார்த்தாள்.

“பாப்பாவுக்கு எத்தினி வயசு?”

“அஞ்சு” என்றான் நடேசன், தரையைப் பார்த்துக்கொண்டு. “அம்சா, அங்க சண்டை. ஊரு திரும்புவேன்னு நான் நெனைக்கல.”

டாக்கிக்காரர்களைத் திருப்பி அனுப்பிய வருஷத்தில் பிறந்திருக்கிறது. அம்சவள்ளி மூன்று பேருக்கும் சோறு போட்டாள். பாஷை தெரியாத அந்தப் பெண் மிரண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் கோபம் வரவில்லை. சாப்பிட்டதும் நடேசன் அவர்களைக் கூட்டிக்கொண்டு கலியம்மாள் வீட்டோடு போய்விட்டான். மறுநாள் அம்சவள்ளி, கம்பெனி முகாம் போட்டிருந்த வில்லியனூருக்கு நடந்தாள்.

“அண்ணே, குணவதி இனிமே நான் கட்டறேன்.”

சாமிநாதனுக்குப் புரியவில்லை. “நடேசனுக்கு ஆவாதுன்னியேம்மா?”

“அவரு நல்லாத்தான் இருக்காரு. நான் அறுத்தா அவருக்கு ஒண்ணியும் ஆவாதுண்ணே.”

அந்த வருஷம் அவள் அறுத்ததைப் பார்த்தவர்கள் சும்மா வீடு திரும்பவில்லை. தங்கள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்கள். திரைக்குப் பின்னால் கயிறு கட்ட வந்தவளை அவள் வேண்டாம் என்றுவிட்டாள், தானும் கட்டிக்கொள்ளவில்லை. டாக்கிக்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்காமல் சென்னைக்குப் போனாள். படம் வந்தது, சென்னையில் ஒரு சபை அந்த வருஷத்துச் சிறந்த நடிகை என்று அவளுக்கு வெள்ளிக் கேடயம் கொடுத்தது. அவள் அதைக் கொண்டுவந்து சாமிநாதன் கையில் கொடுத்தாள்.

1949-இல் ‘குணவதி’ வில்லியனூர் டூரிங் கொட்டகைக்கு வந்தது. முதல் நாளே நடேசன் போனான். வெள்ளைத் துணி முழுக்க அம்சவள்ளியின் முகம். கை தாலிக்குப் போயிற்று, அறுந்தது. அவன் தன்னையறியாமல் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். எங்கே போவது? திரைக்குப் பின்னால் கழியும் கயிறும்தான் இருந்தன. அதற்குள் படத்தில் வேறு காட்சி வந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் “குந்துப்பா” என்றார்கள்.

மறுநாளும் போனான். மறுநாளும் அறுந்தது. கட்ட ஆள் இல்லை. அப்புறம் அவனால் போகாமல் இருக்க முடியவில்லை. படம் ஓடுகிற நேரத்தில் வீட்டில் இருந்தால் கழுத்தில் ஏதோ இறுக்குகிறது என்றான். போய்ப் பார்த்துவிட்டு வந்தால் காய்ச்சல். சைகோன் பெண் அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தாள். அவன் பிதற்றியது அவளுக்குப் புரியவில்லை. கலியம்மாளுக்குப் புரிந்தது.

ஒரு நாள் காலையில் நடேசன் மெலிந்துபோய் அம்சவள்ளியின் வாசலில் வந்து நின்றான். கையில் புது மஞ்சள் கயிறு. அவள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“தெனமும் அறுக்குதே, அம்சா. ஒரே ஒரு தடவை கட்டிட்டுப் போயிடறேன். கழுத்தக் காட்டு.”

அம்சவள்ளி முறத்தைக் கீழே வைத்தாள். ஆறு வருஷம் தன் கழுத்தை இறுக்கிய பயம் எதிரே ஆளாக நிற்பதைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தின் ருசி அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் கழுத்து குனியவில்லை.

“அறுக்கறது நான் இல்லீங்க, படம். அதுகிட்டப் போய்க் கட்டுங்க.”

அவள் மறுபடி முறத்தை எடுத்தாள். அன்று சாயங்காலமும் அவன் மஞ்சள் கயிற்றை மடியில் முடிந்துகொண்டு கொட்டகைக்குப் போனான்.