அஞ்சலை அக்காவின் வயசு

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக மருந்தும் ஊசியும் கொடுக்கும் டிரசராகக் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும்: ஊசி போடுவது சுலபம், வயசு கேட்பதுதான் பெரும்பாடு. மலேசியாவின் கேமரன் மலையில் யாரைக் கேட்டாலும், "நீங்களே பாத்துப் போடுங்கய்யா" என்பார்கள்.

நல்ல சாமான்

வெளிநாட்டில் ஒருத்தருக்கு வேறொருவர் நுரையீரலை வைத்து, அவர் எழுந்து நடக்கிறார் என்று பேப்பரில் வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மருந்துக்கு நின்றவர்களுக்கு உரக்கப் படித்தேன். "குடுக்கறவங்க இளவயசா இருந்தா நல்லதாம்" என்றதும் அறுபது வயசு கருப்பையாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் பீடியே தொட்டதில்ல, தினம் மலை ஏறி எறங்குறேன். என் மருமவன் இருபத்தஞ்சு வயசுல லோரி மாதிரி பொகை விடுறான். எது நல்ல சாமான், நீங்களே சொல்லுங்க லா!"

கார்டில் ஐம்பத்தேழு

அடுத்த வருஷம் அந்தக் கேள்வி தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லைனுக்கே வந்தது. பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டிய செல்வத்துக்கு, முப்பத்துநாலு வயசில், இரண்டு கிட்னியும் போய்விட்டன. தேயிலைக் கொழுந்து பறிக்கும் அவன் அக்கா அஞ்சலை, "என்னோடத எடுங்க" என்று முன்னால் வந்தார்.

இருவரையும் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் பொருந்தியது. அடையாளக் கார்டைப் பார்த்த டாக்டர்தான் தயங்கினார். "ஐம்பத்தேழா? வயசான கிட்னி அதிக நாள் உழைக்காமப் போகலாம். இவங்களுக்கும் ஆபத்து."

அக்கா வெடித்தார்: "அது பொய் வயசு டாக்டரய்யா! ஆறு வயசு கூட்டிச் சொல்லித்தான் எங்கப்பா என்னை வேலைக்கே சேத்தாரு!"

கரையான் மிச்சம் வைத்த பக்கம்

திரும்பி வந்து ஸ்டோரையே கவிழ்த்தேன். பழைய டிரசர்களின் பிரசவ நோட்டுகளில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மூன்றாம் நாள் அகப்பட்டது: அக்காவின் அப்பா பெயர், பிறந்த தேதி, பக்கத்தில் "பெண் குழந்தை, சுகம்". விரல்விட்டு எண்ணினேன். ஐம்பத்தொன்று! நோட்டை அணைத்துக்கொண்டு லைனுக்கு ஓடினேன்.

அதைப் பார்த்த பிறகுதான் மற்ற டெஸ்டுகளுக்கு டாக்டர் சம்மதித்தார். முடிவுகள் வந்ததும் சிரித்துவிட்டார்: "கார்டும் தப்பு, நோட்டும் தப்பு. இந்தக் கிட்னிக்கு நாப்பதுதான்!"

டெலிபோன்

ஆபரேஷன் அன்று ஆபீஸ் டெலிபோனைவிட்டு நான் நகரவில்லை. சாயங்காலம் மணி அடித்தது. "மூத்திரம் வந்துடுச்சு, புதுக் கிட்னி வேலை செய்யுது!" என்று நான் கத்த, ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். அந்தச் சொல்லுக்கு அப்படியொரு சந்தோஷம் வேறெங்கும் கிடைத்திருக்காது.

ஒரு வாரம் கழித்து வார்டுக்குப் போனேன். செல்வம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். தையல் போட்ட இடுப்பைப் பிடித்தபடி அக்கா சொன்னார்: "டிரசரய்யா, இனிமே இவன் என்னைக் கெழவின்னா, இவனும் கொஞ்சம் கெழவிதான்னு எழுதிக் குடுங்க!"

இத்தனை வருஷம் ஊசி போட்டதை எல்லோரும் மறந்துவிட்டார்கள், மூன்று நாள் தூசி தட்டியதற்கு மட்டும் 'கிட்னி டிரசர்' என்று பெயர் நிலைத்துவிட்டது.