ஆளில்லாத கணக்கு வகுப்பு

ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையில் எங்கள் கணக்கு மாஸ்டர் ஓய்வு பெற்றார். பத்தாம் வகுப்புக்குப் புது ஆள் வருவார் என்று காத்திருந்தோம். மழை பிடித்தது, ஓணப் பரீட்சையும் வந்தது. ஆள் வரவில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களுடையது எய்டட் பள்ளிக்கூடம். சம்பளம் சர்க்கார் கொடுக்கும். யாருக்கு வேலை என்பதை மேனேஜர் தீர்மானிப்பார். மேனேஜர் என்றால் பள்ளிக்கூடத்தின் சொந்தக்காரர். அவருடைய இளைய மகள் அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். அவள் முடித்து வரும்வரை அந்த வேலை காலியாகத்தான் கிடக்கும் என்பது பியூனுக்குக்கூடத் தெரியும். கணக்குப் பீரியடில் டிரில் மாஸ்டர் வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நாங்கள் சத்தம் போடாமல் இருந்தால் போதும்.

மேனேஜருக்குச் சுக்கு வியாபாரம். அம்மா அவருடைய கிடங்கில்தான் சுக்கைத் தரம் பிரித்தாள். கிறிஸ்துமஸ் பரீட்சையில் நான் கணக்கில் தோற்றதும், ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். படிக்குக் கீழே நின்றோம்.

"முதலாளி, பிள்ளைங்களுக்குக் கணக்கு டீச்சர் இல்ல. மார்ச்சில பரீட்சை. அதுவரைக்கும் ஆரையாவது வெச்சுத் தரணும்."

அவர் கோபப்படவில்லை. சாயாவைக் குடித்து முடித்தார்.

"ஸ்கூள் என்டெ அச்சன் உண்டாக்கியதா. அவிடெ ஆரெ வெக்கணும்னு எனிக்கறியாம். நீ சுக்கு நோக்கியா மதி." தன் அப்பா கட்டிய ஸ்கூலில் யாரை வைப்பதென்று தனக்குத் தெரியுமாம்; அம்மா சுக்கைப் பார்த்தால் போதுமாம்.

திங்கட்கிழமை கிடங்கு மேஸ்திரி அம்மாவை வாசலிலேயே நிறுத்தி, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அடுத்து தாங்களும் போய்க் கேட்பதாக இருந்த மற்ற அம்மாக்கள் அதோடு அடங்கிவிட்டார்கள். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, முதலில் தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்றார். சொல்லியிருந்தோம். அப்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் பரீட்சையில் எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் தேறவில்லை. ஜூனில் மேனேஜரின் மகள் வேலைக்குச் சேர்ந்தாள். நன்றாகவே சொல்லித் தருகிறாள் என்று எங்களுக்கு அடுத்த வகுப்புப் பெண்கள் சொன்னார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

அம்மா தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழியும் அங்கேயே சேர்ந்தாள். அம்மாவின் கூலியில் நான் டுட்டோரியலில் படித்து, மூன்றாவது தடவை தேறினேன். பத்திரிகையில் தேறியவர்கள் பட்டியலில் வந்த என் பரீட்சை நம்பரைக் காட்ட ஷெட்டுக்கு ஓடினேன். ஐஸில் வெடித்த விரல்களோடு அம்மா அதைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"எனக்கு என் நம்பரே மறந்துபோச்சுடி," என்றாள் என் தோழி. அடுத்த கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.